ஊற்றுக்கண்ணுக்கு மேலே

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மாசி, பங்குனி வந்த பிறகும் கொல்லிமலை ஓடைகளில் தண்ணீர் ஓடுகிறதென்றால், அது மலை தன்னுள் வாங்கி வைத்திருந்து மெல்லக் கசியவிடும் தண்ணீர். 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த இந்த மலைக்கு அடியில் கிடப்பது சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. அதன்மேல் காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் நைந்து இளகிய மண்ணும் பொடிப்பாறையும். சில முகடுகளில் பாக்சைட் படிவம். நுண்துளைகள் நிறைந்த இந்த மேலடுக்கு மழையைக் குடிக்கிறது. இறங்கிய நீர் கெட்டிப் பாறையில் முட்டி, சரிவோடு பக்கவாட்டில் நகர்ந்து, பாறை வெளியே தலைகாட்டும் இடத்தில் ஊற்றாகப் பிறக்கிறது. பள்ளத்து வயல்களில் நெல் விளைய வைத்ததும் அந்த நீர்தான். ஐயாறாகத் திரண்டு, அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியே சமவெளிக்குப் போவதும் அதுதான்.

ஆகவே, ஊற்றுக்கண்ணைச் சுற்றிச் சிமெண்டுத் தொட்டி கட்டிப் பெயர்ப்பலகை வைத்துவிட்டால் ஊற்றைக் காத்ததாகிவிடாது. கண்ணை இறுக்கிக் கட்டினால் நீர் வேறு வெடிப்பைத் தேடிப் போய்விடுவதும் உண்டு. காக்க வேண்டிய இடம் மேலே இருக்கிறது. அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மேட்டுக்காடு. கீழே இருப்பவரின் குடத்துக்காக, மேலே இருப்பவர் தம் நிலத்தில் இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சட்டத்தைக் கேட்டால் அது நிலத்துக்காரர் பக்கம் சாய்கிறது. வரையறுத்த வாய்க்காலில் ஓடாத, நிலத்துக்கடியில் இருக்கும் நீரைத் திரட்டிக்கொள்ள உடைமையாளருக்கு உரிமை உண்டென்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. நிலத்தடி நீருக்கெனத் தமிழ்நாடு 2003இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. பட்டா கையில் இருந்தால் துளைபோடும் வண்டியை மலையேற்றிவிடலாம் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

ஆனால் ஊற்றில் மொண்டு குடிப்பதும் துளையிட்டு உறிஞ்சுவதும் ஒன்றாகிவிடுமா? முன்னவர் மலை தானாக வெளியே விட்டதை எடுக்கிறார். எத்தனை குடம் மொண்டாலும் நாளைய ஊற்று அதனால் குறைவதில்லை. பின்னவர் மலை இன்னும் விடாததை எடுக்கிறார். அவர் துளைத்த வெடிப்பும் ஊற்றுக்கு நீர் வரும் வெடிப்பும் ஒன்றாக இருந்துவிட்டால், நீர்மட்டம் பாறைவாய்க்குக் கீழே ஓர் அடி இறங்கினாலே போதும், கோடையில் ஊற்று நின்றுவிடும். தம் நிலத்தில்தான் துளையிட்டார், அது உண்மை. எடுத்ததோ அந்த ஊரே நம்பியிருந்த இருப்பை. உடைமை என்ற சொல் இவ்வளவு தூரம் நீளக்கூடாது.

இதற்கு எதிராக வலுவான கேள்வி ஒன்று உண்டு. அந்த ஊற்றிலிருந்து தண்ணீரைச் சுமப்பது யார்? சரிவில் இறங்கி, நிறைகுடத்தோடு ஏறி வரும் பெண்தான். வீட்டு வாசலில் குழாய் வேண்டுமென்று அவர் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ஊற்றைக் காப்பது அவரைத் தொடர்ந்து சுமக்க வைப்பதானால் அந்தக் காப்பு அநீதி. ஆனால் மேட்டு ஊற்றிலிருந்து மோட்டார் இல்லாமலே குழாய்வழி வீடுகளுக்கு நீர் இறக்க மலைச்சரிவே போதும். சுமையை நீக்க ஊற்றை இழக்க வேண்டியதில்லை.

பயிரைப் பற்றிய வழக்கு இன்னும் கடினமானது. மலையாளி பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்த நிலங்களில் இன்று மரவள்ளி நிற்கிறது. கிழங்கு சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சரிவில் கிழங்கு பிடுங்கும்போது மண் இளகுகிறது, அடுத்த மழையில் அடித்துப் போகிறது. மண் போன இடத்தில் மழைநீர் இறங்காமல் வழிந்தோடிவிடும். ஊற்றுக்கு இது கேடு என்பதில் ஐயமில்லை. அதற்காக, மரவள்ளியை விட்டுச் சாமைக்குத் திரும்பு என்று அந்தக் குடும்பத்துக்கு உபதேசிக்க எவருக்குத் தகுதி உண்டு? சாமை குத்தும் உழைப்பு கடுமையானது. கிடைக்கும் விலையோ சொற்பம். மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்க முயன்றபோது, விதையோடு உமிநீக்கும் இயந்திரத்துக்கும் சந்தைக்கும் வழிதேட வேண்டியிருந்தது. ஏழையிடம் தியாகத்தைக் கேட்பவர் அதன் விலையில் தம் பங்கைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

மரவள்ளிக்காரரையும் முகட்டையே வெட்டுபவரையும் ஒரே குற்றக்கூண்டில் ஏற்றவும் கூடாது. அலுமினியத்துக்காகக் கொல்லிமலையில் பாக்சைட் வெட்டப்பட்ட காலம் ஒன்று உண்டு. வெட்டப்பட்டது தாது மட்டுமா? மழையைக் குடித்து வைக்கும் அடுக்கும் அதோடு போகிறது. மண்ணரிப்பைப் பல ஆண்டுப் பாடுபட்டுச் சீர்செய்யலாம். பெயர்த்தெடுத்த பாக்சைட் முகட்டைத் திரும்ப வைக்க ஒரு தொழில்நுட்பமும் இல்லை. ஒடிசாவின் நியமகிரியிலும் இதே பாக்சைட், இதே ஊற்றுகள். அங்கே முடிவைக் கிராமசபைகளே எடுக்கட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய 12 கிராமசபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன.

அந்த அதிகாரம் கொல்லிமலைக்கும் எட்டாததல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீர் ஆதாரங்களையும் காக்கும் பொறுப்பை, உரிமை பெற்ற வனவாசிகளிடமும் அவர்களது கிராமசபையிடமும் தருகிறது. சிக்கிமில் 2008இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டம் செலவுக்கும் ஒரு வழி காட்டியிருக்கிறது: ஊற்றுக்கு மேலே, நீர் உண்மையில் இறங்கும் சரிவை நிலவியல் அறிந்து கண்டுபிடித்து, அங்கே குழிகள் வெட்டினார்கள், கூலி நூறுநாள் வேலைத் திட்டத்திலிருந்து வந்தது.

கொல்லிமலையில் இதைச் செய்யும்போது மேட்டுக்காட்டுக்காரருக்குக் கூலி மட்டும் போதாது. குழிக்கு விட்ட நிலத்துக்கும், விட்டுக்கொடுத்த மரவள்ளிக்கும் ஈடு வேண்டும். அதை ஊற்றடி ஊர் மட்டும் சுமக்க முடியாது. அந்த ஊரும் ஏழை ஊர்தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்து அருவியில் குளிப்பவர்களிடம் வாங்கும் கட்டணத்திலும், மலைமேல் கட்டிய தங்கும் விடுதிகளின் வரியிலும், ஐயாற்றுத் தண்ணீர் பாயும் சமவெளியின் பாசனக் கணக்கிலும் அதற்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும்.