கிட்டாமையும் மறுத்தலும்

ஊன் கிட்டாமையால் உண்ணாதவனும், கிட்டியும் அருளினால் உண்ணாதவனும் ஒரு நிகரினரோ? சைவ பாடஞ் சொல்லும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆராயற்பாலது இவ்வினா. ஆபிரிக்கர் ஊனே உண்டு வாழ்பவரென்று மாணாக்கர் பலர் கருதுகின்றனர். ஆசிரியருஞ் சிலர் அங்ஙனங் கூறக் கேட்டிருக்கின்றோம். மேற்கு ஆபிரிக்கரது உணவை எடுத்து இதனை ஆராய்வாம்.

அவர்தம் அன்றாட உணவிற்கு அடிப்படையானவை கம்பு, இறுங்கு, அரிசி, வள்ளிக்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய், பயறு என்பனவே. நைசீரியாவிலுள்ள யோருபா மக்கள் தட்டைப்பயற்றை ஊறவைத்துத் தோல் களைந்தரைத்து, வெங்காயமும் மிளகாயுங் கூட்டி எண்ணெயிற் பொரித்து உண்பர். 'அக்கரா' என்னும் அது நம் வடைக்கு உடன்பிறப்புப் போலும். அம்மாவையே இலையிற் பொதிந்து அவிப்பின் 'மொயின்மொயின்' ஆம். கானா நாட்டார் அரிசியையும் பயற்றையும் இறுங்கின் இலையோடு சிவக்கச் சமைப்பது 'வாச்சே' எனப்படும். அப்பயற்றின் தாயகம் ஆபிரிக்காவே. நம் வீட்டுப் பயிற்றங்காய் அதன் வழித்தோன்றலே.

ஆயினும் அவர் புலால் மறுத்தவரென்றல் பொருந்தாது. குழம்பிற் கருவாடும் உலர்ந்த இறாலும் இடுதல் பெருவழக்கு. மொயின்மொயினுள் முட்டையும் மீனும் வைப்பாரும் உளர். காட்டுநிலப் பகுதிகளிலே செற்சி என்னும் ஈ பரப்பும் நோயால் மாடு வளர்த்தல் அரிதாயிற்று. வறியார்க்கோ இறைச்சியின் விலையே தடை. இது கிட்டாமை, விரதமன்று.

அற்றேல், அவ்வுணவினாற் பயனில்லையோ எனின், உண்டு. மச்சமின்றிச் சுவையில்லை என்பாருக்கு அஃதோர் விடையாம். அந்நாட்டார் ஒருவகை மரத்தின் விதையை அவித்துப் புளிக்கவைத்துக் குழம்பிற் கூட்டுவர். யோருபா மக்கள் 'இரு' என வழங்கும் அதுவே குழம்பிற்கு ஆழ்ந்த சுவை தருவது. மேலும், பிழைத்த ஆட்டிற்கு அது பிழைத்த காரணம் யாதாயினும் ஒன்றே. உண்பான் உள்ளத்திற்கோ அஃது ஒன்றன்று. திருவள்ளுவனார் அருளுடைமையை அடுத்துப் புலான்மறுத்தலை வைத்தமையும் இதுபற்றியே என்க.

இனி நம்மை நோக்குவாம். வெள்ளிக்கிழமை மரக்கறியுண்டு சனிக்கிழமை மீன்சந்தைக்கு விரைவார் நம்முட் பலர். நாடோறும் மரக்கறியே உண்பாரும் குடிவழக்கத்தினால் உண்கின்றனரா, அருளினால் உண்கின்றனரா? அங்கே வறுமை தடுத்தது. இங்கே வழக்கந் தடுத்தது. இரண்டும் அருளாகா.

யாம் கிறித்தவப் பாடசாலையிற் பயின்ற நாளிலே நம் திருநீற்றைக் கண்டு நகைத்தார் சிலர். அந்நகை தந்த புண் இன்னும் ஆறிற்றில்லை. அந்நகையையே யாம் பிறிதொரு சாதியார்மேல் ஏவுதல் தகுமோ? உணவிற் கொலை நீக்கிச் சொல்லிற் கொலை புரிவது என்ன சைவம்!

ஆதலின் ஆசிரியர்காள், இப்பாடத்தைத் தொடங்குமுன் மாணாக்கனை நோக்கி, 'நீ மச்சம் உண்ணாதது ஏன்?' என வினவுக. 'வீட்டு வழக்கம்' என்பானாயின் கடியற்க. அவ்வழக்கத்துள் அருளைப் புகுத்துவதே நம் தொழில். பிறரை இகழக் கற்பித்தல் அன்று.