ஊருக்குப் பட்ட கடன்

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்டசோழபுரம் போகிற சாலை திருப்பனந்தாளைத் தொட்டுக்கொண்டு, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும், தாராசுரமும் கங்கைகொண்டசோழபுரமும் 2004இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மூன்றையும் பார்த்துவிட நினைக்கிறவர்களுக்குத் திருப்பனந்தாள் வழியிலுள்ள ஊர். சம்பந்தர் பாடிய தலம், காசி மடம் இருக்கிற ஊர். ஆனாலும் இங்கே இறங்கும்படி எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. இப்படிப்பட்ட சிறிய, பழைய, புனிதமான ஊர் ஒன்றுக்கு வந்து போகிறவர்களில் யார் யாத்திரிகர், யார் வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தவர்? சாமி கும்பிடுகிறவர் யாத்திரிகர், கும்பிடாதவர் சுற்றுலாப் பயணி என்று சட்டென்று பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் போதாது என்பது என் கட்சி. இருவரையும் பிரிப்பது நம்பிக்கையைவிடக் கடன்தான். வந்த ஊருக்குத் தான் ஏதோ ஒன்று செய்யக் கடமைப்பட்டவன் என்று ஏற்றுக்கொண்டு நடப்பவர் யாத்திரிகர். ஊர்தான் தனக்குக் காட்சி தரக் கடமைப்பட்டது என்று நினைப்பவர் எத்தனை முறை விழுந்து கும்பிட்டாலும் பார்வையாளர்தான்.

திருப்பனந்தாளின் தலபுராணமே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்ட கதையாகத் தோன்றுகிறது. தாடகை என்ற பெண் மாலை சாத்தக் கையை உயர்த்தியபோது ஆடை நெகிழ்கிறது. முழங்கையால் ஆடையை இடுக்கிக்கொண்டு அவள் தவிக்க, சிவலிங்கம் அவளுக்காகத் தலை சாய்ந்து மாலையை ஏற்கிறது. சாய்ந்த லிங்கம் சாய்ந்தபடியே நிற்க, சோழ மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்துப் பார்க்கிறான். யானைகள் களைத்ததுதான் மிச்சம். திருக்கடவூரில் நாள்தோறும் குங்கிலியத் தூபம் இடுகிற கலயர் செய்தி கேட்டு வருகிறார். வீட்டில் நெல் வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியையும் குங்கிலியத்துக்கே கொடுத்தவர் அவர். கயிற்றைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு இழுக்கிறார், லிங்கம் நிமிர்கிறது. மன்னனுக்குப் பக்தி இல்லை என்று கதை சொல்லவில்லை. பக்தி இருந்ததால்தான் அவன் கவலைப்பட்டான். ஆனால் அவன் கயிற்றை யானையின் மேல் பூட்டினான், கலயர் தன் கழுத்தில் பூட்டினார். இருவருக்கும் நடுவே இருந்த தூரம் நம்பிக்கையின் அளவைப் பொறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. தன்னை அந்த இடத்தோடு பிணைத்துக்கொள்ள ஒருவர் துணிந்தார், மற்றவருக்கு அது தோன்றவில்லை.

இந்த ஊரின் காசி மடம் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் காசிக்குப் போய் மடம் நிறுவினார்; பிற்காலத்தில் அதன் தலைமையிடம் திருப்பனந்தாளுக்கு வந்தது. மடத்து அதிபர்களைக் காசிவாசி என்றே இன்றும் அழைக்கிறார்கள். காசியை ஆண்ட முகலாயரிடம் பேச அந்த நாட்டு மொழி வேண்டுமென்று கலைமகளை வேண்டிக் குமரகுருபரர் சகலகலாவல்லி மாலை பாடினார் என்பது மரபு. அற்புதத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். அந்நிய ஊரில் போய் நின்ற ஒருவர் முதலில் கேட்டது அந்த ஊரின் பேச்சை என்று மரபு நினைவில் வைத்திருப்பதுதான் எனக்கு முக்கியம்.

நம் ஊர்களுக்கு மட்டும் உரிய சிக்கலா இது என்றால், இல்லை. ஜெர்மனியில் டாபர் ஆற்றின் மேட்டில் ரோத்தன்பர்க் என்ற சிறு மதில் நகரம் இருக்கிறது. அங்குள்ள புனித யாக்கோபு தேவாலயத்தின் மேற்குப் பக்கம், கீழே தெரு ஓட, மேலே மாடம்போல் எழுந்து நிற்கிறது. கிறிஸ்துவின் இரத்தத் துளி என்று போற்றப்பட்ட புனிதப் பொருளுக்காக, 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் தில்மான் ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி அங்கே லிண்டன் மரத்தில் ஒரு பீடம் செதுக்கினார். கடைசி இராப்போசனக் காட்சியில் நடுவில் நிற்பது இயேசு அல்ல, காட்டிக் கொடுத்த யூதாஸ். மண்டியிட வந்த யாத்திரிகர் நிமிர்ந்தவுடன் காண்பது தன்னைப் போன்ற ஒரு பாவியை. 1544இல் அந்த ஊர் புராட்டஸ்டண்ட் சமயத்துக்கு மாறியபின் அந்த யாத்திரைக்கு இடமில்லாமல் போயிற்று. இன்று கட்டணம் கொடுத்து உள்ளே போகிறவர்கள் அதே மரத்தை அதே இடத்தில் பார்க்கிறார்கள். சிற்பம் அப்படியே இருக்கிறது. யூதாஸ் ஏன் நடுவில் நிற்கிறான் என்ற கேள்வி மட்டும் பலருக்கு எழுவதில்லை.

அதே நகரத்தில் எதிர்ச்சான்றும் இருக்கிறது. 1945 மார்ச் 31 அன்று விமானக் குண்டுவீச்சில் பழைய நகரத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு அழிந்தது. மதிலை மீண்டும் கட்டப் பல நாட்டவர் பணம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் மதிலின் உட்பக்கக் கற்களில் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. ஜப்பானியப் பெயர்களும் உண்டு. அந்த ஊரின் பழைய சமயத்தோடு அவர்களில் பலருக்குத் தொடர்பே இருந்திருக்காது. இருந்தும் அந்த மதிலில் சில அடி அவர்கள் பொறுப்பாயிற்று. நம் கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதுவதைப் பெயர் ஆசை என்று பழிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பழி அவசரமானது என்பேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டதைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். சாகாமலும் மூப்படையாமலும் இருக்கும் ஆடுகள் என்று அவற்றைச் சொன்னார்கள். செத்ததுக்குக் குட்டி ஈடு. எண்ணிக்கை குறையக் கூடாது. ஆடு பெற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கொடுத்தவர் அதிகாரியோ வணிகரோ, எங்கோ போய்விட்டிருப்பார். ஒரு நாள் தரிசனம் என்றைக்குமான பொறுப்பாகிவிட்டது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். நம்பிக்கை இல்லாதவன் கொடுக்கும் காசு தானமாகலாம், வழிபாடாகுமா? 2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில் சுற்றுலாத் தலம் அல்ல என்று சொன்னது. இந்து அல்லாதவர் தரிசிக்க விரும்பினால் தெய்வத்தின்மேல் நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கங்களைப் பின்பற்றுவேன் என்று உறுதி எழுதித் தர வேண்டும் என்றது. கோயில் வேடிக்கை இடமாகிவிடக் கூடாது என்ற கவலையில் நியாயம் இருக்கிறது, அதை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் அந்த உறுதிமொழியின் இரண்டு பாதிகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. வழக்கத்தைப் பின்பற்றுகிறாரா என்று கண்ணால் பார்க்கலாம். நம்பிக்கையை யார் அளப்பது? வேண்டுதல் நிறைவேறாவிட்டால் சாமியையே மாற்றிவிடுகிற இந்துவிடம் எவரும் எழுதி வாங்குவதில்லை. சைவ சித்தாந்தம் இதில் நம்மைவிடப் பொறுமையாக இருந்தது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படி வைத்தபோது அடிப்படியில் வைத்தது கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப்பறித்து மாலை கட்டுவது, விளக்கேற்றுவது. கை முதலில் செய்யட்டும், மனம் பின்னால் வரட்டும் என்ற நடை அது. கலயருக்கும் முதல் தொண்டு தூபம்தான். ஆகவே நம்பிக்கை தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. வாசலில் கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல என்கிறேன்.

இதற்கெல்லாம் நேரமும் பணமும் உள்ளவர்களால்தான் முடியும் என்பது அடுத்த மறுப்பு. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை உள்ள தொழிலாளி குடும்பத்தோடு நவக்கிரகப் பேருந்தில் ஏறி, ஒரே நாளில் ஒன்பது கோயிலும் சுற்றுகிறார். திருப்பனந்தாளுக்குப் பக்கத்திலுள்ள சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் அந்தச் சுற்றில் வருகின்றன. அவரை இளப்பமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் படிப்புக்கோ பெண்ணின் கல்யாணத்துக்கோ ஒரு விளக்கேற்றுகிறவரின் கவலை உண்மையானது. சொகுசு வண்டியில் ஒரு வாரம் தங்கிப் படம் பிடிப்பவரைவிட, அரை மணி நேரம் வரிசையில் நின்று, இறங்கிய ஊரின் பெயரையாவது வீட்டில் சொல்லி வைப்பவர் கூடுதலாகக் கடன்படலாம். நான் மறுப்பது அவருடைய அவசரத்தை அல்ல; அந்த அவசரத்தை விற்பனைச் சரக்காக்கி, ஒன்பது ஊர்களையும் ஒன்பது முத்திரைகளாகச் சுருக்கும் ஏற்பாட்டை.

அழகை ரசிப்பது தவறா என்றும் கேட்கலாம். தேவாரத்தை வாசித்தவர் அப்படிக் கேட்கவே மாட்டார். சம்பந்தர் பதிகங்களில் இறைவனுக்கு நிகராகச் சோலையும் வயலும் நீரும் மீனும் நிறைந்து கிடக்கின்றன. ஊரைப் பார்ப்பதும் பாட்டின் பகுதியாகவே இருந்தது. ஆனால் அந்த வயலையும் நீரையும் இன்று யார் காக்கிறார்கள் என்பதைப் பார்வையோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி ஊரின் பக்கமும் ஒரு கடன் இருக்கிறது. வருகிறவர் எதற்குப் பொறுப்பேற்கலாம் என்று ஊர்தான் சொல்ல வேண்டும். சோழர் காலத்தில் அதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். செருப்பை எங்கே விடுவது, படம் எடுக்கக் கூடாது என்று சொல்லும் பலகைகளுக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைக்கலாம். ஒரு நாள் விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், ஓதுவாருக்கு மாதம் என்ன தேவை, குளம் தூர் வார எத்தனை ஆள், இந்தத் தலத்துப் பதிகம் எங்கே கிடைக்கும் என்று அதில் எழுதலாம். கங்கைகொண்டசோழபுரத்துக்குப் போகும் வழியில் இறங்குகிறவர், எந்த நாட்டவரானாலும் எந்த மதத்தவரானாலும், அதைப் படித்துவிட்டு எதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது என்று அவரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.