பணத்துக்குத் திறந்த வாசல்

தோமையார் இந்தியாவுக்கு எவ்வாறு வந்தார்? திருமுறையில் இடம்பெறாத ‘தோமாவின் பணிகள்’ என்னும் பழைய நூல் விந்தையான விடையொன்றைத் தருகிறது. இந்திய மன்னன் ஒருவன் கட்டடக் கலைஞனைத் தேடி அப்பான் என்ற வணிகனை அனுப்புகிறான். ஆண்டவரே தோமையாரை அவ்வணிகனுக்கு எழுத்து மூலம் விற்றுவிடுகிறார். என்ன தொழில் தெரியும் என்று வணிகன் வினவ, மரத்திலும் கல்லிலும் தாம் செய்யக்கூடியவற்றைத் தோமையார் அடுக்குகிறார். இதில் வரலாறு எவ்வளவு என்பதை அறிஞர்கள் ஆயட்டும். மனிதரின் கைத்திறன் கடல்கடந்து விலைபோவது அக்காலத்தார்க்கு வியப்பாகத் தோன்றவில்லை என்பது மட்டும் தெளிவு.

அத்திறனுக்கு இன்று ‘சேவை வணிகம்’ என்று பெயர். 1995 சனவரி முதல் நாள் உலக வணிக அமைப்புடன் நடைமுறைக்கு வந்த சேவை வணிகப் பொது ஒப்பந்தம் அதனை நான்கு வழிகளாகப் பிரிக்கிறது. தரமணியில் அமர்ந்தபடியே அயல்நாட்டு நிறுவனத்துக்குக் கணக்கெழுதுவது ஒன்று. அயல்நாட்டு நோயாளி சென்னைக்கு வந்து மருத்துவம் பெறுவது மற்றொன்று. வெளிநாட்டு வங்கி இங்கே கிளை திறப்பது மூன்றாவது. மனிதரே நேரில் சென்று பணிபுரிவது நான்காவது. தோமையார் வந்த வழி இதுவே.

ஆனால் இந்நான்கும் சமமல்ல. உலக வணிக அமைப்பின் 2019 அறிக்கைப்படி, சேவை வணிகத்தில் ஏறத்தாழ 59 விழுக்காடு கிளை திறக்கும் வழியில் நடைபெற்றது. மனிதர் நேரில் செல்லும் வழிக்குக் கிடைத்தது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலையான வேலை, குடியுரிமை ஆகியவற்றுக்குத் தன் விதிகள் பொருந்தா என்று அவ்வொப்பந்தமே இணைப்பு ஒன்றில் விலக்கியும் வைத்துள்ளது. முதல் போட்டவர்க்கு வாசல் அகலத் திறந்திருக்கிறது. உழைப்பவரோ அண்ணா மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வரிசையில், கோப்பை மார்போடு அணைத்தபடி நிற்கிறார். விசா கிடைக்க வேண்டுமென்று திருப்பலிக் கருத்து எழுதித் தருவோர் எம் பங்கிலும் உண்டு.

அப்படியானால் தடைகள் யாவும் அநீதியா? நான் அவ்வாறு கருதவில்லை. திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட சுற்றுமடலில், தக்க காரணம் இருக்குமாயின் பிறநாடு சென்று குடியேறுவது மனித உரிமை என்றார். ஏற்கும் நாட்டின் பொதுநன்மையையும் அவர் மறந்துவிடவில்லை. ஆகவே, ஒரு தடை யாரைக் காக்கிறது என்று கேட்டாக வேண்டும். செவிலியர் செருமனிக்குச் செல்ல அந்நாட்டு மொழியைக் கற்றாக வேண்டும். கடினந்தான். எனினும் நோயாளி தன் வலியைச் சொல்லும்போது அதைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டுமே! அத்தேர்வு நோயாளியைக் காக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று பிரகடனம் செய்தார். தம் நாட்டுத் தொழிலாளரின் ஊதியத்தைக் காப்பதே நோக்கம் என்றார். அந்த அக்கறையை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால், பெரும் பணம் கட்ட வல்ல நிறுவனத்துக்குத் திறந்து, சிறிய மருத்துவமனைக்கு மூடிக்கொள்ளும் கதவு, எளிய தொழிலாளியைக் காப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நம் வாசலையும் பார்ப்போம். வெளிநாட்டு வழக்கறிஞர் நிறுவனங்கள் இங்கே தொழில் செய்யலாகாது என்று ஏ. கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் 2010இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு தொடுத்தார். அவர்கள் தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை கூற அவ்வப்போது வந்து போகலாம், இங்கே தொழில் நடத்தக் கூடாது என்று 2012இல் தீர்ப்பாயிற்று. 2018இல் உச்ச நீதிமன்றமும் சில திருத்தங்களுடன் அதனை உறுதி செய்தது. 2023இல்தான் இந்திய வழக்கறிஞர் கழகம் வாசலைச் சற்றே திறந்தது. எந்நாடு நம்மவர்க்கு இடம் தருகிறதோ அந்நாட்டவர்க்கு மட்டும், அதுவும் நீதிமன்றம் ஏறாமல், தம் நாட்டுச் சட்டமும் பன்னாட்டுச் சட்டமும் பற்றி ஆலோசனை கூற இசைவு!

மயிலாப்பூர் நெடுங்காலமாக வழக்கறிஞர்கள் வாழும் ஊர். தந்தை இத்தடையை வரவேற்க, மகள் தூதரக வாசலில் அடுத்த தடையை நொந்துகொள்ளும் இல்லங்கள் இங்கே இருக்கக்கூடும். தந்தையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெரும் நிறுவனங்கள் வந்தால், பின்புலமின்றி மூத்தவரிடம் சொற்ப ஊதியத்துக்குத் தொழில் பழகும் இளைஞன் நசுங்குவான் என்ற அச்சம் மெய்யானதே. ஆயினும் அவ்விளைஞனுக்காகவே தடை கேட்டோம் என்போர், அதே ஆண்டுகளில் அவனது ஊதியத்தை எவ்வளவு உயர்த்தினர் என்றும் கேட்கத் தோன்றுகிறது.