கூடுமா? தகுமா?

மலேசியக் குடிமகனாகிவிட்ட கம்பத்துக்காரருக்குச் சட்டப்படி கம்பமும் அயல்நாடே. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை பெற்றிருப்பின், 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அவர் இங்கே வீடு, கடை வாங்கலாம். விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கலாகாது.

ஆயின், 1895 முதல் பெரியாற்று நீர் பாயும் இப்பள்ளத்தாக்கின் இருபோக வயலை ஒருவர் மனையாக்கி அங்கீகாரமும் பெற்றுவிட்டால், அதே மண்ணை அவர் தாராளமாக வாங்கலாம். சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் நோக்கத்திலிருந்து நழுவும் இத்தகைய உபாயத்தை அரபு நூலோர் ‘ஹீலா’ என்பர். இது கூடும் எனலாம். தகுமா என்பதே எம் வினா.

பிறந்த மண்ணில் ஒரு வீடு வேண்டுமென்னும் ஏக்கத்தை யாம் அறிவோம். விலை ஏறட்டுமென மனையை வாங்கிப் போட்டிருப்போர், அவ்வயலில் கூலிக்கு நாற்று நட்டவள் இன்று எங்கே பிழைக்கிறாள் என்று ஒருமுறையேனும் விசாரிப்பார்களாக.