கடலுக்குப் போனாலும் வானப்பிரஸ்தம்தானா?

கணவருக்குப் பணி ஓய்வு நெருங்கும் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழும். ‘எல்லாக் கடமையும் முடிந்தது. இனியாவது நமக்கென்று வாழ வேண்டாமா?’ சிலர் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புகிறார்கள். சிலர் சொந்த ஊரில் சின்னதாக ஒரு வீடு தேடுகிறார்கள். ‘நமக்கென்று’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எத்தனை ஏக்கம்! கூடவே, ‘இப்படி நினைப்பது சுயநலமோ?’ என்கிற உறுத்தலும் வந்துவிடுகிறது. பெண்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வரும்.

இந்த ஏக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோய் வாழ்ந்து பார்க்கிற தம்பதியர் இருக்கிறார்கள். நமக்கு வெகுதொலைவில், மெக்ஸிகோ நாட்டில். அங்கே பாஹா கலிஃபோர்னியா என்ற நீண்ட தீபகற்பத்துக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது கோர்டெஸ் கடல். அதில் சிறிதும் பெரிதுமாக ஏராளமான தீவுகள். அவற்றையும் கரையோரப் பகுதிகள் சிலவற்றையும் சேர்த்து மொத்தம் 244 இடங்களை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடலுக்கு நடுவே இருந்தாலும் அவை பாலைவனத் தீவுகள்! சிவந்த பாறை, ஆளைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்கும் கள்ளி, அடியில் பச்சையும் நீலமுமாகத் தெளிந்த தண்ணீர். அந்தப் பகுதியின் துறைமுக நகருக்கு லா பாஸ் என்று பெயர். ‘சமாதானம்’ என்று பொருள். அதன் எதிரே இருக்கும் தீவுக்கு, ‘பரிசுத்த ஆவி’ என்று பொருள்படும் எஸ்பிரிட்டு சான்ட்டோ என்ற பெயர்.

குளிர்காலம் நெருங்கினால் அமெரிக்கா, கனடா நாட்டுத் தம்பதியர் பலர் தங்கள் பாய்மரப் படகுகளோடு இங்கே இருப்பார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வீட்டை விற்றுப் படகு வாங்கியவர்களும் உண்டு. இன்று ஒரு தீவின் ஒதுக்குப்புறத்தில் நங்கூரம். மனம் நிறைந்தால் அங்கேயே பத்து நாள். காற்று சாதகமானால் அடுத்த தீவு. அலுவலகம் இல்லை, அழைப்பு மணி இல்லை. கேட்கும்போதே ‘கொடுத்துவைத்தவர்கள்’ என்று தோன்றுகிறது, இல்லையா?

இந்த வாழ்க்கையைப் பலருக்கும் அறிமுகம் செய்தவர்களில் லின் பார்டி, லாரி பார்டி தம்பதியர் முக்கியமானவர்கள். தங்கள் கையாலேயே ஒரு படகைக் கட்டி, 1968-ல் கடலில் இறக்கினார்கள். நீளம் வெறும் 24 அடி. இயந்திரமே கிடையாது, காற்று மட்டும்தான். கலிஃபோர்னியாவில் இருந்து கிளம்பியவர்கள் முதலில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று, இந்தக் கோர்டெஸ் கடல். பிறகு அதே படகில் உலகைச் சுற்றினார்கள். லாரி 2020-ல் காலமானார்.

ஒன்றைக் கவனியுங்கள். கிளம்பும்போது அவர்கள் இருவருமே இருபதுகளில் இருந்தவர்கள். ஓய்வூதியம் எல்லாம் இல்லை. போகிற ஊர்களில் மற்றவர்களின் படகுகளைப் பழுதுபார்த்தும், எழுதியும்தான் செலவைச் சமாளித்தார்கள். ஆக, அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

அது சரி, 24 அடிப் படகில் சமையல்? நம் வாசகியருக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ‘கடலுக்குப் போயும் கரண்டி அவள் கையில்தானா?’ என்று எனக்கும் கேட்கத் தோன்றியது. ஜப்பானில் இருந்து கனடாவுக்கு 49 நாட்கள் கடலிலேயே சென்ற பயணத்தை வைத்து, நாள்தோறும் என்ன சமைத்தேன், காய்கறியை எப்படிப் பாதுகாத்தேன் என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார் லின். ஆனால், படகில் இன்னொரு நியதியும் உண்டு. பயணத்தின்போது இரவில் ஒருவர் தூங்க, மற்றவர் விழித்திருந்து காற்றையும் திசையையும் பார்க்க வேண்டும். மனைவியின் முறை வரும்போது படகு முழுக்க அவள் பொறுப்பு. கணவனின் உயிரும்தான்! நங்கூரம் போட்ட பிறகும் நிம்மதி என்று சொல்லிவிட முடியாது. ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, ஏழு மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும். லா பாஸ் பக்கம் கோடை இரவுகளில் தெற்கிலிருந்து திடீரென்று காற்று கிளம்பி, அமைதியான இடத்தையும் அலைக்கழித்துவிடும். 2014 செப்டம்பரில் ஒடில் என்ற சூறாவளி வந்தபோது, லா பாஸ் பகுதியில் படகுகளில் இருந்த சிலர் உயிரையே இழந்தார்கள். சொர்க்கம் என்று நினைத்துப் போன இடம்தான்.

சரி, நம் சாஸ்திரம் இதற்கு என்ன பெயர் வைக்கும்? ஓய்வு பெற்றுப் போகிறவர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். தலை நரைத்து, பேரப்பிள்ளையையும் பார்த்த பிறகு இல்லறத்தான் காட்டுக்குப் போகலாம் என்கிறது மனு தர்மம். மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டோ, உடன் அழைத்துக்கொண்டோ போகலாமாம். (அவள் விருப்பத்தை யார் கேட்டார்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை!) காட்டுக்குப் பதில் கடல், பர்ணசாலைக்குப் பதில் படகு. அவ்வளவுதானே வித்தியாசம்?

அங்கேதான் ஒரு நிபந்தனை இருக்கிறது. வானப்பிரஸ்தனுக்கு வீடு விலகுகிறதே தவிர, பஞ்ச மகா யக்ஞங்கள் விலகுவதில்லை. தெய்வம், முன்னோர், ரிஷிகள், சக மனிதர்கள், மற்ற உயிர்கள்... இந்த ஐவருக்கும் உரியதைக் காட்டிலும் செய்தாக வேண்டும். கையில் இருப்பது கிழங்கும் கனியும் என்றாலும், வந்த விருந்தாளிக்கு அதில் பங்கு உண்டு. ‘இனி யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை’ என்பது வானப்பிரஸ்தம் ஆகாது. அது வெறும் விடுமுறை.

இந்த அளவுகோலை அந்தப் படகுகளிடம் வைத்துப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. லா பாஸ் பகுதியில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. தீவுகளில் குடிநீரை நம்ப முடியாது. அதனால் பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுகிறார்கள். குளியலும் அப்படித்தான். இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி பல படகுகளில் வந்துவிட்டது என்றாலும், தண்ணீரை அளந்து புழங்கும் பழக்கம் போகவில்லை. குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கும் நம் வீடுகளை நினைத்துக்கொண்டேன்.

மற்ற உயிர்களுக்கான பூத யக்ஞத்தில்தான் விஷயம் கனமாகிறது. உலகிலேயே இந்தக் கடலின் வட பகுதியில் மட்டும் வாழும் வாகிடா என்ற சிறிய கடல்பன்றி, மீன்வலைகளில் சிக்கிச் சிக்கி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. 2019-ல் யுனெஸ்கோ இந்த இடங்களை ஆபத்துப் பட்டியலில் சேர்த்ததும் அதனால்தான். அழகைப் பார்த்து மகிழ்வதால் மட்டும் அழகுக்குப் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? தீபகற்பத்தின் தென்கோடியில் காபோ புல்மோ என்று ஒரு சின்ன கிராமம். மீன்பிடியையே நம்பியிருந்த அந்தக் குடும்பங்கள், தங்கள் கடல் வெறுமையாவதைக் கண்டு முயற்சி எடுக்க, 1995-ல் அது தேசியப் பூங்கா ஆனது. அங்கே வலை வீசுவதை நிறுத்தினார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையே மீன் வளம் ஐந்து மடங்குக்கும் மேல் பெருகியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எந்தத் துறவறமும் மேற்கொள்ளாமல், வீட்டிலிருந்தபடியே ஒன்றை விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். படகுத் தம்பதியரைவிட எனக்கு அவர்கள்தான் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

தமிழ் மரபு இதில் இன்னும் கறாராக இருக்கிறது. தொல்காப்பியத்தின் கற்பியல், வாழ்க்கையின் பிற்பகுதியைப் பற்றிப் பேசும்போது கணவன் மனைவியைக் காட்டுக்கு அனுப்பவில்லை. பிள்ளைகளோடும் அறத்தை விரும்பும் சுற்றத்தோடும் இருந்து, சிறந்ததைப் பயில்வதுதான் அதுவரை வாழ்ந்த வாழ்வின் பயன் என்கிறது. தலைவன் மட்டுமல்ல, தலைவியும் சேர்ந்து! சுற்றத்தை விட்டுப்போய்த் தேடும் அமைதியை அது கேட்கவில்லை.

ஆனால், சுற்றம் என்பது ரத்த உறவு மட்டும்தானா? லா பாஸில் காலை எட்டு மணிக்குப் படகுக்காரர்களின் வானொலிக் கூட்டம் ஒன்று கூடும். யாரும் யாருக்கும் உறவில்லை. வானிலை, கடலின் ஏற்ற இறக்கம், யாரிடம் என்ன உதிரிபாகம் கிடைக்கும் என்று எல்லாம் பேசுவார்கள். ஆனால், அதற்கெல்லாம் முன்பாக ஒரு கேள்வி: ‘யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா, ஆபத்தில் இருக்கிறீர்களா?’ பதில் வருகிறதா என்று சற்றுநேரம் காத்திருப்பார்கள். பிறகுதான் அடுத்த பேச்சு.

பக்கத்து ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் பாட்டியம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்க, நமக்கு வானொலிகூடத் தேவையில்லை.