அறுந்த வலையின் விலை

பாக் நீரிணையின் ஆழமற்ற பரப்பில் கடற்புல் மேய்ந்து வாழும் பிராணி ஆவுளியா. கடற்பசு என்றும் அதற்குப் பெயர். மீனைப் போல் அது நீருக்குள் சுவாசிப்பதில்லை. மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர இயலாமற்போனால் மூச்சடைத்து மாண்டுவிடும். ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈன்று, அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இவ்வினத்திற்கு ஒவ்வோர் உயிரின் மறைவும் பேரிழப்பே.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கொல்வதைத் தடை செய்கிறது. 2022இல் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இதன் காப்பகமாக அறிவித்தது. நன்று. ஆயினும் சிக்கிய பிராணியை விடுவிக்கத் தன் வலையையே அறுக்க வேண்டியவன் அன்றாடங்காய்ச்சியான மீனவன் அல்லனோ? கரையில் நின்று இரக்கம் பேசுவோர்க்கு அதனால் ஒரு காசும் நட்டமில்லை.

வறுமை உயிர்க்கொலைக்கு நியாயமாகாது என்பது உண்மை. பிறர் பொருளில் செய்யும் தர்மம் தர்மமாகாது என்பதும் அதே அளவு உண்மை. கடல் நம் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றால், அதைக் காக்கும் செலவும் அனைவர்க்கும் பொதுவன்றோ? ஆவுளியாவை விடுவித்த மீனவர்க்கு வனத்துறை வெகுமதி அளித்ததுண்டு. அது சலுகை அன்று. சமுதாயம் செலுத்த வேண்டிய கடனில் ஒரு பகுதி. அறுந்த வலையின் விலையில் தன் பங்கை ஏற்பவனே உயிரிரக்கம் பற்றிப் பேச உரிமையுடையவன்.