பிறப்பெனும் பேதைமை



அசலாயனன் என்னும் பிராமண இளைஞன் பகவான் புத்தரிடம் வாதிட வந்தான். தன் குலமே உயர்ந்தது, ஏனையவை தாழ்ந்தவை என்பது அவன் கட்சி. பகவான் சினந்தாரில்லை, வினவினார். அரச குலத்தான் சந்தனக் கட்டையைக் கடைந்து எழுப்பிய தீக்கும், சண்டாளன் எனப்பட்டவன் நாய்த்தொட்டியின் மரத்தைக் கடைந்து எழுப்பிய தீக்கும் ஒளியிலோ வெம்மையிலோ வேற்றுமை உண்டோ என்றார். இல்லையென்று இளைஞன் ஒப்பினான்.

இவ்வுண்மையை ராபர்ட்சன்பேட்டையில் வாழும் நமக்கு ஏடு விரித்து விளக்க வேண்டுவதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், வட ஆற்காடு முதலிய பகுதிகளினின்று நம் முன்னோர் பிழைப்பு நாடி வந்தனர். வெள்ளையருக்குத் தோட்டஞ் சூழ்ந்த பங்களாக்களும் கிளப்பும் அமைந்தன. தங்கத்தை வெட்டியெடுத்தவர்க்கு மூங்கில் தட்டிகளாலான கூலி லைன்கள் வாய்த்தன. சம்பளமும் பதவியும் இனம் பார்த்தே அளக்கப்பட்டன. ஆனால் பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிந்தபோது, அது எவருடைய தோலின் நிறத்தையும் வினவியதில்லை. அவ்வினா மேலே, மனிதர் உள்ளத்தில் மட்டுமே எழுந்தது.

இனத் துவேஷம் முதலில் ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகத்துக்குரியதாக்குகிறது. ஒருவன் திருடினால் அவன் திருடன் என்பதோடு நில்லாமல், அவனைப் போன்றவர் யாவரும் திருடர் என்கிறது. 1930-இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிய முற்பட்டபோது, அவர்கள் ஒன்றுகூடி வேலைநிறுத்தம் செய்ததன் காரணம் கூலி மாத்திரமன்று, மானமுமாம்.

அதனினும் கொடிய விளைவு ஒன்றுண்டு. இகழப்பட்டவன் நாளடைவில் அவ்விகழ்ச்சியைத் தானே நம்பத் தலைப்படுகிறான். கண்ணெதிரே கல்வி இருந்தும், 'இது நமக்கன்று' என்று ஒதுங்குகிறான். வெளியிலுள்ள விலங்கைப் பிறர் உடைக்கலாம். உள்ளத்திலுள்ளதை உடைப்பவர் யார்? பண்டிதர் அயோத்திதாசர் இதனை உணர்ந்தே 1898-இல் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் அவர் தொடங்கிய பத்திரிகை, நீங்கள் இழிந்தோரல்லர் என இம்மக்களுக்கு எடுத்துரைத்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் அவ்வொளி பரவியது. பகலெல்லாம் இருளில் உழைத்தவர், மாலையில் விளக்கேற்றித் தம்மம் கேட்டனர்.

அன்பர்களே, இனி நம்மையே வினவிக்கொள்வோம். வெள்ளையர் அகன்றனர், 2001-ஆம் ஆண்டு சுரங்கங்களும் மூடப்பட்டன. துவேஷம் மூடப்பட்டதா? பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் நிறத்தை விசாரியாமலிருக்கிறோமா? உட்பிரிவு கேளாமல் சம்பந்தம் பேசுகிறோமா? நம் தெருவைத் துப்புரவு செய்பவருக்கு நாம் அருந்தும் குவளையிலேயே நீர் தருகிறோமா? விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளை ஊரையும் தோற்றத்தையும் கொண்டு ஒருவர் இகழ்ந்தால் நெஞ்சம் கொதிக்கிறோம். அதே இகழ்ச்சி நம் வாயினின்று பிறக்கும்போது அதனை வழக்கம் என்று கூறி அமைகிறோம். பட்ட புண்ணின் வலி தெரிந்தும் பிறர்க்கு அப்புண்ணையே செய்வது பேதைமையன்றோ?

இதற்கு மருந்தைச் சாக்கிய இளவரசர்கள் காட்டிச் சென்றனர். அவர்கள் துறவு பூண வந்தபோது, தங்களுக்குத் தொண்டு செய்த நாவிதர் உபாலியை முதலில் சங்கத்திற் சேர்க்குமாறு பகவானை வேண்டினர். முன்னே சேர்ந்தவரைப் பின்னே சேர்ந்தவர் வணங்க வேண்டுமென்பது சங்க முறை. உபாலியை வணங்கித் தங்கள் குலச் செருக்கை ஒழிக்கவே அவர்கள் அவ்வாறு விரும்பினர். செருக்குடையவர் தாமே தலை தாழ்த்தினாலன்றிச் செருக்கு நீங்காது.

ஆகவே வரும் பௌர்ணமியில் பஞ்சசீலம் ஏற்கும் நாம், நம் வீட்டு வாயிலுக்கு வெளியே இதுவரை நிறுத்திவைத்த ஒருவரையேனும் உள்ளழைத்து உடனமர்ந்து உண்போமாக. அதுவே மைத்திரி, அதுவே தம்மம்.

சாது! சாது! சாது!